ஆக்ஸ்போர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: எட்டு வயது மகள், மூட்டுவலியுள்ள அம்மா – ஒரு நாள் போதுமா?

வைகைக்கரையான்
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரெடிங்கில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார். என் மகளுக்கு எட்டு வயது. மூன்று மாதமாக, அழிந்துபோன டோடோ பறவையின் மேல் பித்து. அதன் உண்மையான தலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதாக எங்கோ படித்துவிட்டாள். அன்று முதல் காலையில் பல் துலக்கும்போதும் அதே பேச்சு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை மணி நேரம் தொடர்ந்து நடந்தால் உட்கார இடம் தேடுவார். வெளியே சாப்பிடமாட்டார். "செத்த பறவையைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்று கேட்கிறார், ஆனால் பேத்திக்காக வருவார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஆகஸ்ட் நடுவில் போகலாம் என்று நினைக்கிறேன். டிக்கெட் முன்பதிவு வேண்டுமா? காரில் போகலாமா? எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்
டிக்கெட்டே கிடையாது, அனுமதி இலவசம். உள்ளே நன்கொடைப் பெட்டி இருக்கும், மனமிருந்தால் போடுங்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. விடுமுறைக் காலத்தில் பதினொன்றரைக்கு மேல் குழந்தைகள் கூட்டம் நெரியும், ஆகவே பத்துக்கே வாசலில் நில்லுங்கள்.

காரை மறந்துவிடுங்கள் சகோதரரே. ஆக்ஸ்போர்டு நகருக்குள் கார் ஓட்டுவது தண்டனை. அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிறுத்த இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய தண்டனை. ரெடிங்கிலிருந்து நேர் ரயில், அரை மணிக்குள் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து நடந்தால் நமக்கே இருபத்தைந்து நிமிடம் ஆகும், அம்மாவோடு வேண்டாம், வாசலிலேயே டாக்சி நிற்கும்.

மாடியில் ஒரு கஃபே இருக்கிறது, லிஃப்டும் இருக்கிறது. அம்மாவுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். காட்சிப்பொருள்களுக்கு நடுவே சாப்பிட விடமாட்டார்கள். ஆனால் அதே பார்க்ஸ் சாலையில் சிறிது வடக்கே போனால் பல்கலைக்கழகப் பூங்கா வந்துவிடும், மர நிழலில் பெஞ்சுகள் உண்டு. நாங்கள் எலுமிச்சைச் சாதத்தை அங்கேதான் முடித்தோம். எனக்கும் இரண்டு பிள்ளைகள், இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

பழைய மாணவி
ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய்க் குழந்தை அழவேண்டாம். டோடோவின் உண்மையான தலை மக்கள் பார்க்கும் கண்ணாடிப் பேழையில் இல்லை. அது உள்ளே, பாதுகாப்பறையில் இருக்கிறது. வெளியே நீங்கள் பார்ப்பது அச்செடுத்த நகல், எலும்புக்கூடு, உருமாதிரி, அவற்றோடு யான் சாவரி 1651இல் வரைந்த பெரிய டோடோ ஓவியம். உலகத்தில் டோடோவின் தோலும் சதையும் ஒட்டியபடி மிஞ்சியிருப்பது அந்த ஒரு மாதிரி மட்டும்தான். அதை வெளிச்சத்தில் வைத்துக் கெடுக்க மாட்டார்கள்.

நான் அங்கே படித்த காலத்தில் உறவினர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் இதே ஏமாற்றம். "அப்படியானால் இது பொம்மையா?" என்பார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, குழந்தைகள் பெரியவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

ஹாரோ தமிழன்
உண்மையான தலையைக் காட்டமாட்டார்கள் என்றால் எதற்குப் போக வேண்டும்? பேசாமல் லண்டன் தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். நுழைந்ததும் தலைக்கு மேல் இருபத்தைந்து மீட்டர் நீலத் திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. டைனோசர் கூடம் தனியாக இருக்கிறது. அதுவும் இலவசம். ஆக்ஸ்போர்டில் இருப்பது ஒரே ஒரு கூடமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்தான். ஒருமுறை போனேன், ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நிலாமுற்றம்
அந்த "ஒரே ஒரு கூடம்" என்பதுதான் மூட்டுவலிக்காரருக்கு வரம், ஐயா. தென் கென்சிங்டனில் ஆகஸ்ட் மாதம் வரிசையில் நின்றிருக்கிறீர்களா? ஆக்ஸ்போர்டில் பாட்டியை ஓர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, அவர் கண்பார்வையிலேயே குழந்தை முழுக் கூடத்தையும் சுற்றிவரலாம்.

உழவாரன்
ஆகஸ்ட் நடுவில் போகாதீர்கள்! ஜூலைக்குள் போங்கள். காரணம் என் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் கோபுரத்தில் உழவாரக் குருவிகள் கூடுகட்டுகின்றன. 1948 முதல் அங்கே அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள், ஒரே இடத்தில் இத்தனை நீண்ட காலம் கவனிக்கப்பட்ட பறவைக் கூட்டங்கள் உலகத்தில் மிகக் குறைவு. மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகின்றன, ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பிவிடுகின்றன. கூட்டுக்குள் கேமரா பொருத்தி நேரலையாகக் காட்டுகிறார்கள். மாலையில் வெளியே புல்வெளியில் நின்று தலையை உயர்த்தினால், கீச்சென்று கத்திக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிப் பாய்வதைப் பார்க்கலாம். நம் ஊர்ப் பனைமரத்தில் ஒண்டும் பனை உழவாரனின் பெரிய உறவுக்காரன். அம்மாவிடம் காட்டுங்கள், அடையாளம் கண்டுகொள்வார்.

டோடோ பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் அந்த ஆக்ஸ்போர்டு மாதிரியிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று தெரியவந்தது. ஆம், நம் நிக்கோபார்தான். கழுத்தில் நீண்ட இறகுகளும் பச்சைப் பளபளப்பும் கொண்ட அழகான புறா. டோடோ என்பது பறக்க மறந்து பருத்துப்போன புறா. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் ஜூலை கடைசி வாரம், ஒரு வார நாளில் போகிறோம். தலை நகல்தான் என்று மகளிடம் இன்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டோடோ எப்படிச் செத்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

பழைய மாணவி
தெரியும், ஆனால் எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்வதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நெடுங்காலம் நம்பப்பட்ட கதை இது: 1638 வாக்கில் லண்டனில் ஒரு வீட்டில் காசு வாங்கிக்கொண்டு உயிருள்ள டோடோ ஒன்றைக் காட்டினார்கள், அது செத்த பின் பாடம் செய்யப்பட்டு, டிரேட்ஸ்கன்ட் குடும்பத்தின் சேகரிப்பில் சேர்ந்து, அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்கு வந்தது. 2018இல் வாரிக் பல்கலைக்கழகத்தில் மண்டையோட்டை ஊடுகதிர் கொண்டு அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். உள்ளே சிறு சிறு ஈயக் குண்டுகள். பின்னந்தலையில் சுடப்பட்டிருக்கிறது. லண்டன் வீட்டுப் பறவை என்ற கதை அதோடு ஆட்டம் கண்டது. எங்கே சுட்டார்கள், யார் சுட்டார்கள் என்பது புதிய புதிர்.

யாழ்நங்கை
பிள்ளைகளிட்டை மறைக்கக் கூடாது என்பது என் எண்ணம். என் மகனுக்கு ஏழு வயதில் சொன்னேன். "சுட்டவர் அதைச் சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்டான். அவர்களின் கவலையே வேறு.

இன்னொன்று. அந்தக் கூடத்தின் பின்பக்கக் கதவைத் தாண்டினால் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம். அதையும் விடாதீர்கள். முதல் கூடம் முழுக்கக் கண்ணாடிக் கூரையும் வெயிலும், இரண்டாவது மங்கலான வெளிச்சத்தில் மரப்பேழைகள் நெருக்கமாக அடுக்கிய பழைய களஞ்சியம் போல இருக்கும். பொருட்களை நாடு வாரியாக வைக்காமல் வகை வாரியாக வைத்திருக்கிறார்கள். விளக்குகள் ஒரு பேழையில், படகுகள் ஓரிடத்தில், பூட்டுகள் இன்னொன்றில். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவென்றால் கவனம். திங்கட்கிழமைகளில் அது மட்டும் மதியம்தான் திறக்கும், நாள் குறிக்கும்போது பாருங்கள்.

ஐயவினா
பிட் ரிவர்ஸ் பற்றி இவ்வளவு இனிமையாகப் பேசுகிறீர்களே. அங்கே சுருக்கிய மனிதத் தலைகளைப் பல பத்தாண்டுகள் வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தார்கள், 2020இல்தான் எடுத்தார்கள். அந்தப் பேழைகளில் இருப்பவற்றில் பாதி எப்படி வந்தது என்று கேட்காமல் சுற்றிவருவது எனக்கு முடியாது. அதே பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயிலில் அது இருந்ததற்கு 1957இல் எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது.

யாழ்நங்கை
கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்பதற்கும் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்?

ஐயவினா
சரி, அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

கல்லும் உளியும்
இரண்டு நாட்களாக இந்த இழையைப் படிக்கிறேன். டோடோ, திமிங்கிலம், குருவி, தயிர்சாதம் என்று எல்லாம் வந்தாயிற்று. அங்கே முதலில் பார்க்க வேண்டிய பொருளை ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கட்டடம்தான் அது. நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன், காரைக்குடிக்காரன், கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆகவே நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860இல் திறந்தார்கள். டீன், உட்வர்ட் என்ற அயர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. வெளியே பழைய தேவாலயச் சாயல், உள்ளே போனால் ரயில் நிலையம் போல இரும்பும் கண்ணாடியும். முதலில் அடித்து வளைத்த மெல்லிய இரும்பில் கூரையை எழுப்பினார்கள், தன் பாரத்தையே அதால் தாங்க முடியவில்லை. பிரித்தெடுத்துவிட்டு வார்ப்பிரும்புத் தூண்களோடு மறுபடி கட்டினார்கள். தூணின் உச்சியைப் பாருங்கள், இரும்பிலேயே இலைகள் கிளைத்திருக்கும். அவற்றில் பனையோலையும் உண்டு.

கூடத்தைச் சுற்றி இரண்டு தளத் தாழ்வாரம். அங்குள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கல்தூண்களில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கல். அபர்டீன் கருங்கல், கார்ன்வால் செர்பென்டைன், அயர்லாந்தின் பச்சைச் சலவைக்கல் என்று பிரிட்டன், அயர்லாந்துப் பாறைகளின் வரிசை. அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரான நிலவியலாளர் ஜான் பிலிப்ஸ் தேர்ந்தெடுத்தது. அடியில் கல்லின் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். கட்டடத்தைத் தாங்கும் தூணே மாணவருக்குப் பாடம். பேழையில் வைத்தால் பார்த்துவிட்டு மறந்துவிடுவான், தூணாக நிறுத்தினால் தினமும் அதன் மேல் சாய்வான் அல்லவா?

தூணின் தலையில் போதிகை. நம் கோயிலில் தாமரை மொட்டு தொங்கும் இடம். அங்கே ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தாவரம். செதுக்கியவர்கள் ஓஷே சகோதரர்கள், அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். நாள்தோறும் தாவரவியல் தோட்டத்திலிருந்து செடியைப் பிடுங்கிவந்து எதிரில் வைத்து, அதைப் பார்த்துச் செதுக்கினார்களாம். வரைபடம் பார்த்துச் செதுக்கிய இலைக்கும், வாடிக்கொண்டிருக்கும் இலையைப் பார்த்துச் செதுக்கிய இலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். இலைகளுக்கு நடுவே தவளை, பறவை என்று ஒளிந்திருக்கும், மகளைத் தேடச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தில் பணம் தீர்ந்தது, வேலை நின்றது. மூத்தவர் ஓஷே கோபத்தில் வாசல் முகப்பில் ஆந்தைகளையும் கிளிகளையும் செதுக்கினார் என்றும், அவை பல்கலைக்கழகச் சபை உறுப்பினர்களைக் கேலி செய்பவை என்று புரிந்ததும் தலைகளை வெட்டச் சொன்னார்கள் என்றும் ஒரு கதை. கதை எவ்வளவு உண்மையோ, தலை போன பறவைகள் வாசலில் இன்றும் இருக்கின்றன. நுழையும்போது மேலே பாருங்கள். முகப்பு ஜன்னல்களில் சிலவற்றைச் சுற்றி அற்புதமான வேலைப்பாடு, சிலவற்றைச் சுற்றி வெறும் கல்.

ஹாரோ நண்பர் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்ததற்குக் காரணம் கண்ணாடிப் பேழைகளை மட்டும் பார்த்ததுதான்.

ஹாரோ தமிழன்
அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது, ஐயா. தூண்களில் எழுத்து இருந்ததையே நான் கவனிக்கவில்லை.

கடல்தாண்டி
நான் மொரீஷியஸில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. டோடோ வாழ்ந்த ஒரே தீவு இதுதான். இங்குள்ள ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்தில் டோடோவின் தலை தெரியும், அதே தாளில் மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கும். டோடோவும் தமிழும் ஒரே தாளில் இருப்பது இங்கே மட்டும்தான். 1998இல் புதிய தாள்களில் தமிழுக்கும் இந்திக்கும் எது முதலில் என்ற வரிசையை மாற்றி அச்சிட்டபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. இங்கு வரும் நண்பர் யாரிடமாவது சொல்லி அப்படி ஒரு தாளை மகளுக்காக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவி
கிளம்பும் முன் இன்னும் சில. கூடத்தில் நிற்கும் டி-ரெக்ஸும் இகுவானோடானும் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும், ஆனால் அவை நகல்கள். பக்கத்திலேயே சாதாரணமாகக் கிடக்கும் தாடையெலும்பைத் தேடுங்கள். மெகலோசாரஸ். ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்தது. 1824இல் வில்லியம் பக்லண்ட் அதற்குப் பெயரிட்டார், அறிவியல் முறைப்படி பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். "டைனோசர்" என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

இந்தப் பக்லண்ட் ஒரு விசித்திர மனிதர். எல்லா விலங்கையும் ஒருமுறை தின்று பார்ப்பது என்று விரதம் எடுத்தவர். அகழெலியும் நீல ஈயும்தான் மிக மோசமான ருசி என்று தீர்ப்பளித்தாராம். (இதை அம்மாவின் சாப்பாட்டுக்கு முன் சொல்லவேண்டாம்.) வேல்ஸ் கடலோரக் குகையில் செங்காவி பூசிய எலும்புக்கூடு ஒன்றை 1823இல் தோண்டியெடுத்து, ரோமானியர் காலத்துப் பெண் என்று முடிவுகட்டினார். அது ஆண். ஏறக்குறைய 33,000 ஆண்டுகளுக்கு முந்தைய இளைஞன். இன்றும் பெயர் "செந்நிறச் சீமாட்டி"தான்.

வெளியே புல்வெளியில் ஒரு கல் நிறுத்தியிருக்கும். 1860 ஜூன் 30 அன்று டார்வினின் பரிணாமக் கொள்கை பற்றி உயிரியலாளர் ஹக்ஸ்லியும் ஆக்ஸ்போர்டு ஆயர் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்டது இந்தக் கட்டடத்தில். டார்வின் அன்று வரவில்லை, உடல்நிலை சரியில்லை. பெண் குழந்தைக்கு அதைவிட முக்கியம் டோரத்தி ஹாட்ஜ்கின். படிகங்களை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து 1964இல் வேதியியல் நோபல் பெற்றவர், இந்தக் கட்டடத்து அறையொன்றில்தான் பல ஆண்டுகள் வேலை செய்தார்.

வைகைக்கரையான்
போய் வந்துவிட்டோம். வாக்களித்தபடி எழுதுகிறேன்.

ரயிலில் கூட்டமில்லை. பத்தேகால் மணிக்கு வாசலில் இருந்தோம். தலையில்லாத ஆந்தைகளை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். உள்ளே போனதும் நேராக டோடோ. நகல் என்று தெரிந்தும் பேழையின் முன் பத்து நிமிடம் நின்றாள். சுடப்பட்ட விஷயத்தை வழியிலேயே சொல்லியிருந்தேன். நகலின் பின்னந்தலையைப் பார்க்கப் பேழையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஓவியத்தைப் பார்த்து, "இது ரொம்பக் குண்டு, உண்மையில் இவ்வளவு குண்டாக இருந்திருக்காது" என்று சொன்னாள். அதற்குப் பின் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் கரடியிடம் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிட் ரிவர்ஸில் கால் மணி நேரம்தான் இருந்தோம், இருட்டு அம்மாவுக்கு ஒத்துவரவில்லை.

அம்மாதான் ஆச்சரியம். இருக்கையில் உட்காரவைத்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். கல்லும் உளியும் ஐயா சொன்னபடி முதல் தூணின் அடியில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு தூணாகக் கையால் தடவிக்கொண்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டபடி கீழ்த்தளத் தாழ்வாரம் முழுவதும் சுற்றிவந்தார். நடுவில் மூன்று முறை உட்கார்ந்தார், ஆனால் சுற்றை முடித்தார். சிவந்த கருங்கல் ஒன்றின் முன் நின்று, "நம் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் இருந்தாலும் கல் ஒன்றுதான். இவனுக்கு ஒரே மலையில் இவ்வளவு கல் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம்" என்றார். அப்படி ஒரு கோணம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்து முகப்பின் செதுக்காத ஜன்னல்களைக் காட்டினேன். காசு தீர்ந்த கதையையும் சொன்னேன். "நம் ராயகோபுரம் மாதிரி" என்றார். மதுரைக்காரர்களுக்குப் புரியும். புது மண்டபத்துக்குக் கிழக்கே அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம், அந்தப் பக்கம்தான் அவர் பிறந்து வளர்ந்தார்.

பூங்காவில் தயிர்சாதம். உழவாரன் அவர்களே, குருவிகள் இருந்தன. மாலை வரை காத்திருக்க முடியவில்லை, மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். ஆனால் கோபுரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பறந்தன. அம்மா பெயர் சொல்லவில்லை, "மழை வரும்" என்று மட்டும் சொன்னார். ரயிலில் ஏறியபோது தூறியது.

உழவாரன்
மழைக்கு முன் பூச்சிகள் தாழப் பறக்கும், குருவிகளும் தாழ வரும். அம்மாவுக்கு என் வணக்கம்.

கல்லும் உளியும்
"ஒரே மலையில் கிடைக்கவில்லை, பாவம்." இதை எழுதி வைத்துக்கொண்டேன். மாடித் தாழ்வாரத்துத் தூண்களை அடுத்த முறை காட்டுங்கள், லிஃப்ட் இருக்கிறதே.

ஹாரோ தமிழன்
ஹாரோவிலிருந்து போவதற்கு லண்டனில் எந்த ரயில் நிலையம் வசதி, பேடிங்டனா மேரிலபோனா?

நிலாமுற்றம்
உங்களுக்கு மேரிலபோன்தான். இந்த முறை கண்ணாடிப் பேழைகளை விட்டுவிட்டுத் தூண்களிலிருந்து தொடங்குங்கள், ஐயா.